மதிப்பெண்ணைக் குறைக்க எட்டு எளிய வழிகள்

பாடத்திட்டம் சரியில்லை, வினாத்தாள் கடினம், பிள்ளைகள் செல்போனே கதியென்று கிடக்கிறார்கள் என்றெல்லாம் காரணம் தேடி அலைய வேண்டாம். ஒரு வகுப்பின் மதிப்பெண்ணை இறக்கப் பாடப்புத்தகத்தைத் தொடக்கூடத் தேவையில்லை. பாடம் அப்படியே இருக்கட்டும். அது நடக்கிற அறையில் யார் பேசலாம், யார் பயப்பட வேண்டும், யார் கண்ணில் படாமலே ஆண்டைக் கழிக்கலாம் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானித்தால் போதும். மற்றதெல்லாம் மார்ச் மாதத்தில் தானாக நடக்கும்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. 1960களின் இறுதியில் ஹெர்பர்ட் வால்பெர்க்கும் 1970களில் ருடால்ஃப் மூஸும் வகுப்பறைச் சூழலை அளக்க வினாப்படிவங்கள் தயாரித்தார்கள். அவற்றை மேலதிகாரியிடம் கொடுக்காமல் பிள்ளைகளிடமே கொடுத்துக் கேட்டது அவர்கள் செய்த குறும்பு. 2007-ல் கொர்னேலியஸ்-வைட் என்பவர் 119 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஆசிரியர்–மாணவர் உறவு நன்றாக இருக்கும் இடத்தில் படிப்பும் நன்றாக இருக்கிறது என்றார். நல்லவர்கள் இதைப் படித்துவிட்டு உறவை வளர்ப்பார்கள். நாம் தலைகீழாகப் படிப்போம்.

தேவையானவை: ஒரு வகுப்பறை, ஐம்பது பிள்ளைகள் (தொடக்கப் பள்ளியில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் சொல்லும், கண்டுகொள்ள வேண்டாம்), ஒரு சாக்பீஸ், ஒரு கிளாஸ் லீடர், ஒரு பிரம்பு. பிரம்பு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நாக்கே தாராளமாகப் போதும்.

படி 1: ஜூன் மாதமே தீர்ப்பு எழுதிவிடுங்கள்

யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பதை அரையாண்டுத் தேர்வு வரை தள்ளிப்போடாதீர்கள். போன வருஷ மார்க், அண்ணன் படித்த லட்சணம், அப்பா செய்யும் வேலை, சட்டையின் நிறம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்ற நான்கு தகவல் இருந்தால் முதல் வாரத்திலேயே பட்டியல் தயார். பிறகு அந்தப் பட்டியலை உண்மையாக்குவதுதான் உங்கள் வேலை.

கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் ரோசன்தாலும் ஜேக்கப்சனும் இதை எதிர்த்திசையில் செய்து பார்த்தார்கள். குலுக்கல் முறையில் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, 'இவர்கள் இந்த ஆண்டு பளிச்சென்று மலரப்போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில், குறிப்பாக முதலிரண்டு வகுப்புகளில், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 1968-ல் இது புத்தகமாக வந்ததும் பெரும் சண்டை மூண்டது. விளைவு அவ்வளவு பெரிதல்ல என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். சிறிதாக இருந்தால்தான் என்ன? ஒரு பிள்ளை பன்னிரண்டு வகுப்பு படிக்கிறது. வகுப்புக்குக் கொஞ்சமாகச் சேர்த்தால் போதாதா?

பட்டியலுக்கு அழகான பெயர் வைக்கவும் மறக்காதீர்கள். 'மக்கு' என்றால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்றால் யாரும் வரமாட்டார்கள். மார்க் வாரியாகப் பிரித்து 'ஏ' செக்‌ஷனில் சிலரையும் 'டி' செக்‌ஷனில் சிலரையும் போட்டுவிட்டால் பெயர்கூடத் தேவைப்படாது. 'டி' என்ற எழுத்துக்கு என்ன பொருள் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

படி 2: கேள்வி கேட்டால் காத்திருக்காதீர்கள்

'நீ சொல்லு. தெரியாதா? நெக்ஸ்ட். நீ? நெக்ஸ்ட். உனக்கும் தெரியாதா? அப்படியே நில்லு. நெக்ஸ்ட்.' ஒரு வரிசையையே அரை நிமிடத்தில் எழுப்பி நிறுத்திவிடலாம். கடைசியில் முதல் பெஞ்சில் இருக்கும் வழக்கமான பிள்ளையைக் காட்டுங்கள். அது பதில் சொல்லும். 'பாத்தீங்களா?' என்று மற்றவர்களைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து, கேள்விக்கும் ஆசிரியரின் அடுத்த பேச்சுக்கும் இடையிலுள்ள மௌனத்தை அளந்தார். பெரும்பாலும் ஒரு வினாடி, சில நேரம் அதுவுமில்லை. அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டச் சொன்னபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கவும் தொடங்கினார்கள். நமக்கு மிகவும் உதவக்கூடிய இன்னொன்றையும் அவர் கண்டார். ஆசிரியர் 'நன்றாகப் படிப்பவர்கள்' என்று நினைத்த பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வினாடி காத்திருந்தார், 'படிக்காதவர்கள்' என்று நினைத்தவர்களுக்கு ஒரு வினாடிகூட இல்லை. அதாவது யோசிக்க அதிக நேரம் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் குறைவான நேரம். முதல் படியில் தயாரித்த பட்டியல் இங்கே எவ்வளவு அருமையாகப் பயன்படுகிறது பாருங்கள்.

படி 3: நீங்களே பேசுங்கள், அவர்கள் வால் மட்டும் பிடிக்கட்டும்

'தாவரங்கள் உணவு தயாரிக்கும் முறைக்குப் பெயர் ஒளிச்...?'

'சேர்க்கை!'

'புரிஞ்சுதா?'

'புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!'

இந்த வாழ்த்துப்பாவை விடக் கூடாது. ஐம்பது தொண்டைகள் ஒன்றாக ஒலிக்கும்போது எந்தத் தொண்டைக்கு ஒன்றும் புரியவில்லை என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பார்வையிட வந்த அதிகாரிக்கும் 'வகுப்பு துடிப்பாக இருக்கிறது' என்று எழுத வசதி.

பி.எட். படித்தவர்களுக்கு ஃபிளாண்டர்ஸ் நினைவிருக்கும். வகுப்பில் நடக்கும் பேச்சைப் பத்து வகையாகப் பிரித்து, மூன்று வினாடிக்கு ஒருமுறை குறிக்கச் சொன்னவர். பத்தில் ஏழு ஆசிரியரின் பேச்சு, இரண்டு மாணவரின் பேச்சு, ஒன்று மௌனம் அல்லது குழப்பம். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் கண்ட கணக்கு. இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மார்க் வாங்கியாயிற்று அல்லவா? அத்தோடு அவருக்கு விடை கொடுத்து அனுப்பிவிடுங்கள். தன் வகுப்பில் ஒருநாள் அந்தப் பத்து வகையைக் குறித்துப் பார்க்கும் ஆசிரியர் இந்த வழிகாட்டிக்கு ஜென்ம விரோதி.

படி 4: கடைசி பெஞ்சைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவியுங்கள்

வகுப்பில் எல்லா இடமும் சமமல்ல. ஆடம்ஸ், பிடில் என்ற இருவர் வகுப்புகளைப் படம் பிடித்துப் பார்த்து 1970-ல் எழுதினார்கள்: ஆசிரியரின் கேள்வியும் பார்வையும் பெரும்பாலும் முன்வரிசைக்கும், நடுவில் இறங்கும் வரிசைக்கும்தான் போகின்றன. இரண்டு ஓரமும் பின்பக்கமும் உங்கள் நிர்வாகத்தின் கீழ் வராத தனி நாடு. ஆகவே ஒரு பிள்ளையை அந்த நாட்டுக்கு ஜூனில் அனுப்பினால் ஏப்ரல் வரை திரும்ப அழைக்காதீர்கள்.

ஆபத்து அவ்வப்போது வரும். கடைசி பெஞ்சையே ஒழித்துக்கட்டிய ஒரு வகுப்பைக் காட்டிய 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படம் கேரளப் பள்ளிகளில் சலசலப்பை உண்டாக்கியது. 2025 ஜூலையில் நம் பள்ளிக் கல்வித் துறையும் இருக்கைகளை 'ப' வடிவில் போடச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. பதற வேண்டாம். ஐம்பது பேர் இருக்கிற அறையில் 'ப' போட்டால் நடுவில் ஆசிரியர் நிற்க இடமிருக்காது. இருந்தாலும், பழைய நான்கு பேரையே பார்த்துக் கேள்வி கேட்டால் 'ப'வுக்குள்ளும் கடைசி பெஞ்சு முளைத்துவிடும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வரிசை என்பதே பாவமல்ல. தனியாக உட்கார்ந்து எழுதும் வேலைக்கு வரிசையும், கலந்து பேசும் வேலைக்கு வட்டமும் உகந்தவை என்றுதான் இருக்கை பற்றிய ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. நம் நோக்கத்துக்குத் தேவை வரிசையுமல்ல வட்டமுமல்ல, யாரும் இடம் மாறாமலிருப்பது.

இன்னொரு பழைய ஆபத்து: 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-ல் மாநிலத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவிய செயல்வழிக் கற்றல். சுவரில் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை, ஏணிப்படி, அட்டைகள், பாய். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் தரையில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். நாற்காலியின் மரியாதை என்ன ஆவது? இப்போதும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறார்கள். அரும்பை ஆண்டு முழுதும் அரும்பாகவே வைத்திருந்தால் அதையும் நம் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

படி 5: பட்டியலை உரக்க வாசியுங்கள்

எட்டில் இதுவே செலவு குறைந்தது, பலன் நிச்சயமானது. உதவித்தொகை படிவம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளைத் தனியாக அழைத்துக் கொடுத்தால் நேரம் விரயம். நடுப் பாடத்தில், எல்லோர் முன்னாலும், 'எஸ்.சி., எஸ்.டி. பசங்கல்லாம் எழுந்திரு' என்று சொல்லுங்கள். பத்துப் பேர் எழுவார்கள். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எழுதப்படாத பாடம் ஒன்றை நீங்கள் நடத்தி முடித்துவிட்டீர்கள்.

அந்த நிமிடத்துக்கு என்ன விலை என்று கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் அளந்து பார்த்தார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குத் தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகள், தீர்த்ததற்கு ஏற்பக் காசு. சாதி பேச்சே எழாதபோது உயர்சாதிப் பையன்களும் தலித் பையன்களும் ஒன்றுபோலவே தீர்த்தார்கள். ஒவ்வொருவரின் பெயரோடு அப்பன், பாட்டன், சாதி எல்லாம் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்ட பிறகு தலித் பையன்கள் தீர்த்த புதிர்கள் குறைந்தன. புதிர் அதே, காசு அதே, மூளையும் அதே. இடையில் மாறியது அறை மட்டும்தான்.

இந்தப் படியைக் கலைக்க ஓர் அறிக்கை இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன்படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்கச் சொல்கிறது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு கூடாது என்கிறது, சாதியைச் சுட்டி ஆசிரியர் அழைக்கக் கூடாது என்கிறது, கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்கிறது. வாசித்தால் எல்லாம் மிகச் சாதாரணமான விஷயங்களாகத் தெரியும். இவ்வளவு சாதாரணமானவற்றைச் சொல்ல ஒரு நீதிபதி தேவைப்பட்டார் என்பதே, நம் பள்ளிகள் இந்த ஐந்தாம் படியில் எவ்வளவு தேர்ச்சி பெற்றவை என்பதற்குச் சான்றிதழ்.

படி 6: பயத்தை வைத்தே நிர்வாகம் நடத்துங்கள்

பிரம்பெடுக்கும்போது கவனம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் தடை செய்கிறது. முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இரண்டாம் பாதியை இன்னும் யாரும் படிக்கவில்லை. அதுவே நமக்கு வாய்ப்பு. விடைத்தாளைக் கொடுக்கும்போது கடைசி மார்க்கிலிருந்து மேலே வாசியுங்கள். தப்பான பதிலை நடித்துக் காட்டுங்கள், வகுப்பே சிரிக்கட்டும். இரா. நடராசனின் 'ஆயிஷா'வை ஆசிரியர் அறைக்குள் விடாதீர்கள். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் சிறுமி, அடி வலிக்காமலிருக்க மரத்துப்போகும் மருந்தைத் தானே ஏற்றிக்கொண்டு இறந்துபோகும் அந்தக் கதையைப் படித்தால் சிலருக்குக் கை நடுங்கிவிடும்.

நீங்கள் அறையில் இல்லாதபோது கிளாஸ் லீடர் இருக்கிறான். பேசியவர் பெயரைப் போர்டில் எழுதுவான், நண்பன் பெயரை அழிப்பான், பிடிக்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுக் கணக்கை ஏற்றுவான். பத்து வயதிலேயே அதிகாரத்தின் நுணுக்கங்கள் எல்லாம் கைவந்துவிடும்.

ஒரே ஒரு குறை. 1939-ல் லெவின், லிப்பிட், வைட் மூவரும் அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுவர்களின் குழுக்களை மூன்று வகைத் தலைவர்களிடம் விட்டுப் பார்த்தார்கள். அதட்டும் தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை நின்றது. கலந்து பேசி நடத்தியவர் போன பிறகும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. தேர்வு அறைக்குள் நீங்கள் போக முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால், நம் நோக்கத்துக்கு இது குறையே அல்ல.

படி 7: கட்டடத்தின் உதவியைப் பெறுங்கள்

தகரக் கூரை இருந்தால் பாக்கியம். அமெரிக்காவில் பள்ளி நாட்களின் சூட்டையும் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட 2020 ஆய்வு, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டு கற்றதில் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்றது. சத்தமும் நன்று. நியூயார்க்கில் ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் தண்டவாளப் பக்கத்து வகுப்புகள் வாசிப்பில் பின்தங்கியதை அர்லின் பிரான்சாஃப்ட் 1975-ல் காட்டினார். தண்டவாளத்தில் ரப்பரும் கூரையில் ஒலி உறிஞ்சும் ஓடும் வைத்த பிறகு அந்த இடைவெளி மறைந்துபோனது. ஆகவே பழுதுபார்க்கும் கோப்பை நகரவிடாதீர்கள்.

படி 8: அதிகாரிகளுக்கு மட்டும்

மேலே சொன்ன ஏழையும் ஆசிரியர் தானாகச் செய்வார் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. அவருடைய சூழலையும் நீங்கள் கெடுக்க வேண்டும். பாட நேரத்தில் எமிஸ் தளத்தில் விவரப் பதிவேற்றம் கேளுங்கள். சர்வர் வேலை செய்யாத நாளில் 'இன்று மாலைக்குள்' என்று கேளுங்கள். ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விகிதம் குறைந்த தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்துங்கள். அவர் பள்ளிக்குத் திரும்பி ஆசிரியரை நிறுத்துவார், ஆசிரியர் வகுப்புக்குப் போய்ப் பிள்ளையை நிறுத்துவார். பிள்ளைக்கு நிறுத்த ஆளில்லை. அது படிப்பை நிறுத்தும்.

தனியார் நிர்வாகத்தினருக்குக் குறுக்குவழி உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தேறாதவர் என்று தோன்றுகிறவருக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் பத்தாம் வகுப்பில் 100 சதவீதம், வாசலில் ஃப்ளெக்ஸ். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-ல் அரசு நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டாண்டும் பன்னிரண்டையே உருப்போட வைத்தவர்களுக்காகக் கொண்டுவரப்பட்ட பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு போயிற்று. அரசு தேர்வை வைத்தாலும் எடுத்தாலும் ஃப்ளெக்ஸ் அடிப்பவருக்குத் தொழில் படுக்கவில்லை.

உருப்போடுவதில் வல்லவர்களான நாம் ஒருமுறை வெளியே போய் எழுதிப் பார்த்தோம். 2009 சுற்றின் தொடர்ச்சியாக நடந்த பன்னாட்டு பீசா தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது 74 பங்கேற்பாளர்களில் நமக்குக் கிடைத்தது கடைசி பெஞ்சு. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்து வந்த சுற்றுகளுக்கு இந்தியா போகவில்லை. வகுப்பில் அவமானப்பட்ட பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டால் மட்டும் நமக்குக் கோபம் வருகிறது.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

'படிக்கிற பிள்ளைகள் இருந்தால் வகுப்பும் நன்றாக இருக்கும். சூழலால் மார்க்கா, மார்க்கால் சூழலா?' நியாயமான கேள்வி, இரண்டுமே உண்டு. ஆனால் ரோ மாற்றியது மௌனத்தின் நீளத்தை மட்டும், ஹாஃபும் பாண்டேயும் மாற்றியது ஓர் அறிவிப்பை மட்டும். பிள்ளைகளை யாரும் மாற்றவில்லை.

'சூழல், அன்பு என்று விட்டால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடாதா?' ஆகும். விட்டேற்றியாக விடுவதும் மதிப்பெண்ணைக் குறைக்க மிக நல்ல வழி, இடமில்லாததால் ஒன்பதாம் படியாகச் சேர்க்கவில்லை. லெவின் குழுவினரின் மூன்றாம் வகைத் தலைவர் எதிலும் தலையிடாதவர், அங்கே வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. பீசா தேர்வில் பிள்ளைகளிடம் வகுப்பில் சத்தம் உண்டா, பாடம் தொடங்க நேரமாகிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஒழுங்கான வகுப்பில் இருப்பதாகச் சொன்ன பிள்ளைகளே பெரும்பாலான நாடுகளில் வாசிப்பில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஒழுங்கு வேண்டும், அது அதட்டலால் வருவதில்லை. ஜேக்கப் கவுனின் 1970-ல் சொன்னது இதுதான்: தப்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படித் திட்டுகிறார் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை, வகுப்பு முழுவதும் கண்ணில் இருக்கிறதா, பாடம் தடங்கலின்றி ஓடுகிறதா என்பதில்தான் இருக்கிறது.

எச்சரிக்கை

இந்த வழிகாட்டியைக் கெடுக்க ஏழாம் படி தவிர வேறெதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை, அரசாணையும் தேவையில்லை. ஆகவே எந்த ஆசிரியரும் எந்த நாளும் கெடுத்துவிடலாம். நீங்களும் ஒருநாள் முயன்று பாருங்கள். நாளை முதல் பீரியடில் ஓரத்துப் பெஞ்சில் இருக்கும் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள். மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். பதில் தப்பாக வந்தால் நீங்களும் சிரிக்காதீர்கள், வகுப்பையும் சிரிக்க விடாதீர்கள். உதவித்தொகைப் படிவத்தை இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள். ஒரு பருவம் இப்படி நடந்த பிறகு, மதிப்பெண் பட்டியலையும் இந்தக் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதைக் கிழித்துப் போடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.